மண் இருக்கும்போது வாளி எதற்கு

மகனே,

யான்புவிலிருந்து நீ அனுப்பிய குரல் செய்தியை மூன்று தடவை கேட்டேன். அதில் இரண்டு கேள்விகள் இருந்தன. முதலாவதை விலாவாரியாகக் கேட்டிருந்தாய். கம்பெனி கொடுத்த வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் சும்மா கிடக்கிறது, பிப்ரவரி பாதி வந்துவிட்டது, இப்போது என்ன போடலாம், என்ன செய்யக் கூடாது என்று. இரண்டாவதை பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன் மாதிரி அவசரமாகச் சொல்லி முடித்தாய். சபீனாவையும் பிள்ளையையும் இப்போதே அழைத்துக்கொள்வதா, ஒரு வருடம் போகட்டும் என்று விடுவதா, மாதக் கடைசிக்குள் எழுதிக் கொடுக்காவிட்டால் குடும்பத்தோடு இருப்பவர்களுக்கான அந்த வீட்டை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள், நீங்களும் உம்மாவும் என்ன நினைக்கிறீர்கள் என்று. எனக்குக் குரல் செய்தியில் பதில் சொல்ல வராது. எதிரே ஆள் இல்லாமல் பேசினால் எனக்கே என் குரல் அந்நியமாகிவிடுகிறது. அல் குசைஸ் டைப்பிங் கடையில் உட்கார்ந்து முப்பது வருடமாக அடுத்தவர்களுடைய விசா விண்ணப்பங்களை எழுதி எழுதிக் கை பழகிவிட்டது, அதனால் எழுதுகிறேன். முதல் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். இரண்டாவதற்கு எழுதிக்கொண்டே போனால் தெரிய வருமா என்று பார்க்கிறேன்.

அதற்கு முன் எனக்குச் சில விவரம் வேண்டும். உன் பின்வாசல் எந்தத் திசையைப் பார்க்கிறது? மத்தியானத்துக்குப் பிறகு சுவர் நிழல் நிலத்தில் விழுகிறதா, விழுந்தால் எத்தனை மணிக்கு? கடல் எவ்வளவு தூரம்? காலையில் வண்டிக் கண்ணாடியை விரலால் துடைத்தால் உப்பு ஒட்டுகிறதா? உன் பக்கம் வீசுவது செங்கடல் காற்று, எங்களுக்கு வருவது வளைகுடாக் கடலின் காற்று. அதனால் எனக்குத் தெரிந்ததில் பாதிதான் உனக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன், எந்தப் பாதி என்று நீதான் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். ஒரு கைப்பிடி மண்ணை நனைத்து உருட்டிப் பார், உருண்டை நிற்கிறதா உடைகிறதா என்று எழுது. நாக்கு நுனியில் வைத்து உப்புப் பார்த்தாலும் தப்பில்லை. நான் பார்த்திருக்கிறேன். என்னோடு ஒரே தட்டில் சாப்பிடுகிற உன் உம்மா அதைக் கண்டுவிட்டு அன்றைக்கு எனக்குத் தனித் தட்டில் சோறு வைத்தாள்.

வசந்தம் என்ற சொல்லைக் கேட்டதும் எல்லாம் தொடங்கப் போகிறது என்று நினைத்துவிடாதே. இங்கே தோட்ட வருடம் செப்டம்பர் கடைசியில் தொடங்கி மே மாதத்தோடு படுத்துவிடும். இப்போது நாம் இருப்பது அதன் பிற்பாதியில். இது தெரியாமல் அல் குசைஸ் பால்கனியில் முதல் வருடம் நான் அடித்த கூத்து உனக்கு ஞாபகம் இருக்கிறதா? உனக்கு அப்போது பத்து வயது. சூப்பர் மார்க்கெட்டில் தக்காளி விதைப் பாக்கெட் வாங்கி வந்தேன். மார்ச், ஏப்ரலில் விதைக்கவும் என்று அதன் முதுகில் போட்டிருந்தது. எந்தக் குளிர் நாட்டுக்காரன் போட்டானோ. அச்சடித்த தாளை அப்படியே நம்புகிற தொழில் என்னுடையது, அதையும் நம்பினேன். ஏப்ரலில் நாற்று வந்தது, மே மாதம் பூத்தது, பூத்ததெல்லாம் பொலபொலவென்று கொட்டியது, ஜூனில் இலையைத் தொட்டால் அப்பளம் போல நொறுங்கியது. “வாப்பா, இட்ஸ் டெட்” என்று பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தினமும் ஒரு அறிவிப்புக் கொடுப்பாய். நான் விடாமல் ஜூலை வரை தண்ணீர் ஊற்றினேன்.

எனக்கு விஷயத்தை விளக்கியவர் குல் பாய். உனக்குத் தெரியும், கடைக்கு எதிரே சாலை நடுவில் பூச்செடிகளைப் பார்த்துக்கொள்ளும் பெஷாவர்க்காரர், விசா புதுப்பிக்க நம்மிடம் வருவார். ஒரு ஏப்ரலில் அவருடைய ஆட்கள் நன்றாகப் பூத்துக் குலுங்கிக்கொண்டிருந்த செடிகளை வேரோடு பிடுங்கி மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மனசு பொறுக்கவில்லை. ரோட்டைத் தாண்டிப் போய்ச் சண்டைக்கு நின்றேன். “இஸ்கா டைம் கலாஸ், பாய்”, இதன் காலம் முடிந்துவிட்டது என்று அவர் சிரித்தார். இன்னும் மூன்று வாரம் பூக்கும்தான், ஆனால் அதற்குள் வெயில் வந்துவிடும், வெயில் வந்த பிறகு வைக்கிற புதுச் செடி வேர் பிடிக்காது, பூவைப் பார்த்து மயங்கினால் வேலை கெட்டுப் போகும் என்று விளக்கினார். அன்றிலிருந்து எனக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும் அவரைத் தேடிப் போவேன். அவரை மட்டுமா? மீன்கடைக்காரர், நர்சரி மலையாளி, விண்ணப்பம் எழுத வந்து உட்காரும் எகிப்துக்காரர் என்று யார் கிடைத்தாலும் உங்கள் ஊரில் வெண்டை எப்போது போடுவீர்கள் என்று ஆரம்பித்துவிடுவேன். கேட்பதில் எனக்குக் கூச்சமே கிடையாது என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

சரி, உன் நிலத்துக்கு வருகிறேன். இந்த வாரமே வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை போட்டுவிடு. வெயில் ஏற ஏறக் குஷியாகும் சாதி அவை. பாகல், பீர்க்கு, சுரை மூன்றில் ஒன்றைத் தேர்ந்துகொள், மூன்றையும் போட்டுவிட்டுப் பந்தலுக்கு அல்லாடாதே. தக்காளி, முள்ளங்கி, முட்டைக்கோஸ் பக்கம் போகாதே. முன்பு அந்த வீட்டில் இருந்தவர் தக்காளிச் செடி ஏதாவது விட்டுப் போயிருந்தால் கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு எரு வை, ஏப்ரல் வரை காய்க்கும். இலையைப் புரட்டி அடியைப் பார். வெள்ளை ஈ இருந்தால் தண்ணீரில் கொஞ்சம் வேப்பெண்ணெயும் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பும் கலந்து சாயங்காலம் தெளி, வெயிலில் தெளித்தால் இலை வெந்துவிடும். கொத்தமல்லி இப்போது தண்டு நீண்டு பூக்கும். கசந்துவிட்டது என்று எல்லோரும் பிடுங்கி எறிவார்கள், நீ விட்டுவை. அந்தப் பூவுக்குத் தேனீ வரும், காய்ந்தபின் விதையும் ஆச்சு. உன் பக்கம் தேனீ உண்டா இல்லையா என்பதை எனக்குக் கட்டாயம் எழுது. போன வருடம் இங்கே சுரைப் பிஞ்சுகள் எல்லாம் மஞ்சளாகி உதிர்ந்தன, நான் உரத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். இங்கே ஒரு பூச்சிகூடப் பறக்கக் காணோமே என்று சொன்னது உன் உம்மா. ஆண் பூவைப் பறித்து இதழை உரித்துப் பெண் பூவின் நடுவில் அவள் ஒற்றி ஒற்றி எடுத்தாள், காய் பிடித்தது. அவள் செய்தால் பிடிக்கிறது, நான் செய்தால் உதிர்கிறது. அது ஏன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மண்ணின் மேல் வெள்ளையாகப் படிந்திருந்தால் அது உப்பு. மேல் தோலைக் கரண்டியால் சுரண்டி அப்புறப்படுத்திவிட்டு, ஒரு நாள் முழுக்க மெதுவாகத் தண்ணீர் விட்டு மிச்ச உப்பைக் கீழே இறக்கு. வெயில் ஏறுவதற்கு முன் இதைச் செய்தால்தான் உண்டு. தினமும் கொஞ்சம் கொஞ்சம் தெளிப்பது நமக்குத் திருப்தி, செடிக்கு உபத்திரவம். உப்பு மேலேயே நின்றுவிடும். இரண்டு நாளைக்கு ஒரு தடவை ஆழமாக விடு. ஏசி ஓடத் தொடங்கியதும் அதன் குழாய்க்குக் கீழே ஒரு பாத்திரம் வை, அந்தத் தண்ணீரில் உப்பே கிடையாது. மொட்டை மாடித் தொட்டித் தண்ணீரை ஏப்ரலுக்குப் பிறகு விடியற்காலை சுபுஹு தொழுத கையோடு விட்டுவிடு. மத்தியானம் விட்டால் வேர் அவிந்துபோகும்.

நீ சொன்னதில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்தப் பேரீச்சை மரம்தான். மூலையில் ஒன்று நிற்கிறது, காய்த்ததே இல்லையாம், வெட்டிவிடலாம் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாராம். கத்தியை எடுக்காதே. அது ஆணா பெண்ணா என்று யாராவது பார்த்தார்களா? ஆணாக இருந்தால் எந்தக் காலத்திலும் காய்க்காது, பெண்ணாக இருந்தால் யாரோ ஒருவர் ஏறி மகரந்தம் கொடுக்காமல் விட்டிருப்பார்கள். இந்த மாதமோ அடுத்த மாதமோ பாளை வெடிக்கும். அப்போது ஏணி வைத்துப் பார். ஆண் பாளையில் பூ நெருக்கமாக, வெள்ளையாக இருக்கும், தட்டினால் மாவு கொட்டும், ஒரு மாதிரிப் பச்சை மாவு வாசனையும் வரும். பெண் பாளையில் ஈர்க்குகள் இடைவெளி விட்டு, மஞ்சள் மணி கோத்தது போல இருக்கும். பெண் என்றால் ஆண் பூ ஈர்க்கில் ஐந்தாறை எடுத்து அதன் நடுவே தலைகீழாகச் செருகி ஓலை நாரால் தளர்வாகக் கட்ட வேண்டும். இங்கே சந்தையில் ஆண் பாளை விற்கிறார்கள், அங்கேயும் விற்பார்கள். குல் பாய் கட்டும்போது கீழே நின்று அண்ணாந்து பார்த்திருக்கிறேன், இரண்டு நிமிடத்து வேலை. அந்த இரண்டு நிமிடத்தை யாரும் கொடுக்காததால் எத்தனை வருடம் அது சும்மா நிற்கிறதோ. போட்டோ அனுப்பு, நான் அவரிடம் காட்டிக் கேட்கிறேன்.

இனிச் சொல்வது கொஞ்சம் வெட்கமான கதை. இங்கே நம்மவர்களின் தோட்டம் எல்லாம் வாளியில்தான் இருக்கும், நீ கவனித்திருப்பாய். பெயின்ட் வாளி, தயிர் டப்பா, நெய் டின். தொழிலாளர் கேம்பில் இருக்கிறவர் ஜன்னலோரம் வைக்கும் புதினாவும் வாளியில், பெரிய ஃபிளாட்டில் இருக்கிறவர் வைக்கும் கறிவேப்பிலையும் வாளியில். ஊருக்குக் கிளம்புகிற அன்றைக்கு யாரிடமாவது தூக்கிக் கொடுத்துவிடலாம் என்று கணக்கு. ஏழு வருடத்துக்கு முன் நானும் உன் உம்மாவும் முவைலாவில் இந்தப் பழைய வில்லாவின் பின்கட்டுக்குக் குடி வந்தபோது, பின்னால் பத்தடிக்குப் பன்னிரண்டடி நல்ல மண் இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த மண்ணின் மேல் இருபது வாளிகளை வரிசையாக அடுக்கி, வாளிக்குள் கடையில் வாங்கிய மண்ணைப் போட்டு, அதில் செடி வைத்தேன். பெருநாள் சாப்பாட்டுக்கு வந்த குல் பாய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “பாய், ஜமீன் ஹை. ஃபிர் பால்டி கியோன்?” என்றார். மண் இருக்கிறதே, பிறகு வாளி எதற்கு என்கிறார். விசா அடுத்த வருடம் முடிகிறது, முடிந்ததும் நாங்கள் ஊருக்குப் போகிறோம் என்றேன். அவருடைய விசாவை எத்தனையோ தடவை புதுப்பித்துக் கொடுத்தவன் நான், என்னுடையதையும் நானேதான் புதுப்பித்துக்கொள்கிறேன். அப்புறம் இரண்டு பேரும் பிரியாணிக்குப் போனோம்.

இரண்டு மாதம் கழித்து, தரையைக் கூட்டலாம் என்று கறிவேப்பிலை வாளியைத் தூக்கினேன். வரவில்லை. வாளிக்குள் கல் விழுந்துவிட்டதோ என்று நினைத்து முட்டுக் கொடுத்து இழுத்தேன், இடுப்புப் பிடித்ததுதான் மிச்சம். குனிந்து பார்த்தால் தண்ணீர் வடியப் போட்டிருந்த ஓட்டை வழியாக விரல் தடிமன் வேர் ஒன்று இறங்கித் தரைக்குள் போயிருக்கிறது. எப்போது போனதோ, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரம்பம் வாங்கி வந்து வாளியை அறுத்து எடுத்தேன். இப்போது அது சுவரைத் தாண்டி நிற்கிறது, இந்த மாதம் உச்சியை வெட்டிவிட வேண்டும், அப்போதுதான் பக்கக் கிளை அடிக்கும். மற்ற வாளிகளையும் ஒவ்வொன்றாகக் காலி செய்துவிட்டேன். ஆகவே உனக்கு நான் சொல்லும் இந்த மாத வேலைகளில் பெரியது இதுதான். தரையில் முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி தோண்டு, பாதி மண்ணும் பாதி மக்கிய எருவும் போட்டு ஒரு எலுமிச்சங்கன்று வை. காய்க்க மூன்று நாலு வருடம் ஆகும், உன் காண்டிராக்ட் இரண்டு வருடம்தான் என்பது எனக்குத் தெரியும். பரவாயில்லை, வை.

எலுமிச்சை என்றதும் உனக்கு அல் குசைஸ் மரம் ஞாபகம் வந்திருக்கும். பிழிந்து போட்ட பழத்தின் விதையை நீயே பொறுக்கி வாளியில் நட்டது. நட்ட அன்றே இதெல்லாம் எதற்கு, நாம் என்ன இங்கேயே இருக்கப் போகிறோமா என்று நான் கேட்டேன். எட்டு வருடம் அது உன்னோடு வளர்ந்தது. உன்னைக் கல்லூரியில் சேர்க்க நீயும் உம்மாவும் ஊருக்குப் போனீர்கள், நான் ஃபிளாட்டைக் காலி செய்துவிட்டு, ஒரு கட்டிலை மட்டும் வாடகைக்கு விடும் பெட் ஸ்பேஸுக்கு மாறினேன். மரத்தை வாட்ச்மேன் கேட்டு வாங்கிக்கொண்டார், அவருக்குத் தெரிந்தவர் வீட்டில் தரையில் நட்டிருக்கிறார்கள் என்று உன்னிடம் சொன்னேன். நீ போனில் கேட்கும்போதெல்லாம் பூத்திருக்கிறதாம், காய்த்திருக்கிறதாம் என்று வளர்த்துக்கொண்டே போனேன். அது பொய். அதைக் கீழே குப்பை டிரம் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். அதற்கு இடம் தேடி நான் யாரையும் கேட்கவே இல்லை. மறுநாள் வேறு சாமான் எடுக்கப் போனபோது அது அங்கே இல்லை. உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்குப் பதினோரு வருடம் ஆகியிருக்கிறது, கேட்கிறேன்.

இப்போது உன் இரண்டாவது கேள்வி. நீ பிறப்பதற்கு இரண்டு மாதம் முன்னால் நான் இந்த நாட்டுக்கு வந்தேன், உங்களை அழைத்துக்கொண்டது நீ ஒன்பது வயதில் இருக்கும்போது. இடையில் நாலு தடவை லீவில் வந்தேன். ஏன் ஒன்பது வருடம் என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை, நானாகவும் சொன்னதில்லை. சொல்வதற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. ஒரு வருடம் பார்ப்போம் என்று முதல் வருடம் நினைத்தேன், அப்புறம் ஒவ்வொரு வருடமும் அதையே நினைத்தேன். நம் ஊரில் பெண்ணுக்குத்தான் வீடு, கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறான். உன் உம்மாவுக்குச் சொந்த வீடு, கூடவே தாய், எதிர் வீட்டில் கூடப்பிறந்த லாத்தா. அவள் எதற்காக அதையெல்லாம் விட்டுவிட்டு இங்கே ஒரு அறையில் வந்து அடைந்து கிடக்கப் போகிறாள் என்று நான் முடிவு செய்துகொண்டேன். ஊரில் எல்லோரும் அப்படித்தான் முடிவு செய்தார்கள், யாரும் என்னைத் தப்பு சொல்லவில்லை. நீங்கள் வந்து சேர்ந்த முதல் வாரம், தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறக்கலாமா என்று நீ என்னிடம் அனுமதி கேட்டாய். விருந்தாளி வீட்டில் கேட்பது போல, கையைக் கட்டிக்கொண்டு கேட்டாய். நான் திற என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அதையும் உன்னிடம் இப்போதுதான் சொல்கிறேன்.

உன் குரல் செய்தியை உம்மாவும் கேட்டாள். கேட்டுவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். அடுத்த நாள் வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து வந்து நாங்கள் பச்சை நிழல் வலையைக் கட்டினோம். மார்ச் பாதிக்குள் அதைக் கட்டிவிட வேண்டும், நீயும் மறக்காதே. செடி வாடின பிறகு கட்டுவது வீண், மேற்குப் பக்கம் மட்டும் கொஞ்சம் தாழ்த்திக் கட்டினால் மாலை வெயிலும் தடுக்கும். நான் ஏணி மேல் நின்றேன், அவள் கீழே பிடித்துக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்ற தைரியத்தில் கேட்டுவிட்டேன்.

“அந்த ஒம்பது வருசத்துல நான் கூப்பிட்டிருந்தா நீ வந்திருப்பியா?”

“இப்ப எதுக்கு அது? கயித்த இறுக்கிக் கட்டுங்க” என்றாள். கட்டினேன். நாலாவது முடிச்சுப் போடும்போது கீழேயிருந்து குரல் வந்தது.

“பாஸ்போர்ட் எடுத்து வச்சிருந்தேனே.”

எப்போது எடுத்தாய் என்று கேட்டேன்.

“புள்ள நடக்க ஆரம்பிச்ச நேரம். எங்க வாப்பாதான் அலைஞ்சு எடுத்துத் தந்தாஹ. நீங்க கேட்டா ஒடனே கெளம்பணும்ல. நீங்க கேக்கவே இல்லியே.”

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, இறங்கும்போது பார்த்து இறங்குங்கள் என்றாள். நான் உள்ளே போய்ப் பழைய ஃபைல்களை எல்லாம் இறக்கித் தேடினேன். அவளுடைய முதல் பாஸ்போர்ட் இருந்தது, கூடவே உங்கள் இரண்டு பேருக்கும் நான் எழுதிய விசா விண்ணப்பத்தின் நகலும் இருந்தது. பாஸ்போர்ட் வழங்கிய தேதி என்ற கட்டத்தில் எட்டு வருடம் முந்தைய தேதி ஒன்று இருக்கிறது, ஒரு எழுத்துப் பிழை இல்லாமல். அதை டைப் செய்தது நான். ஒரு நாளைக்கு நாற்பது பேருடைய தேதியை அடிக்கிறவன், இதையும் அடித்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கிறேன். வழியில் போகிறவனை எல்லாம் நிறுத்தி வெண்டைக்காயைப் பற்றிக் கேட்கிறவனுக்கு, வீட்டை விட்டு வெளியூர் போகாத ஒரு பெண் எட்டு வருடத்துக்கு முன்னால் எதற்குப் பாஸ்போர்ட் எடுத்தாள் என்று கேட்கத் தோன்றவில்லை. எனக்கு அவமானமாக இருக்கிறது, மகனே. அதைவிட வருத்தமாக இருக்கிறது. அந்த எட்டு வருடத்தில் அவள் எத்தனை தடவை அதை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தாள் என்று கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

ஆகவே சபீனாவை அழைத்துக்கொள் என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்லப் போவதில்லை. எனக்குத் தெரியாது. ஐந்து மாதக் கைக்குழந்தையோடு தாய் பக்கத்தில் இருக்கவே அவள் விரும்பலாம். புது வீட்டை விட்டு வர மனம் இல்லாமல் இருக்கலாம். நாளைக்கே கிளம்பத் தயாராகவும் இருக்கலாம். அவளிடம் நான் இதுவரை கேட்டதெல்லாம் பேத்தி ஒழுங்காகப் பால் குடிக்கிறாளா என்பதுதான். நீ என்னைக் கேட்டாய், உம்மாவைக் கேட்டாய், கூட வேலை பார்க்கும் இரண்டு பேரைக் கேட்டதாகச் சொன்னாய். உன் செய்தியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன், அவளைக் கேட்டதாக அதில் ஒரு வார்த்தை இல்லை.

இதைப் படித்து முடித்ததும் அவளுக்குப் போன் போடு. கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று ஆரம்பிக்காதே, ஒரு வருடம் பொறுத்துக்கொள் என்றும் ஆரம்பிக்காதே. உனக்கு இங்கே வர இஷ்டமா என்று மட்டும் கேள், கேட்டுவிட்டுச் சும்மா இரு. உங்கள் இஷ்டம் என்று அவள் உடனே சொல்வாள். நம் ஊர்ப் பெண்கள் முதலில் அதைத்தான் சொல்வார்கள், நாமும் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு போனை வைத்துவிடுவோம். நீ வைக்காதே. இன்னொரு தடவை கேள்.

முவைலாவிலிருந்து,
வாப்பா